பஸ் ஸ்டாப்பில் என் பேனர்

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் நான் வயதுக்கு வந்தேன். அதே மாதத்தில்தான் என் அண்ணனுக்குக் குரல் உடைந்தது. எனக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், தனித் தட்டு, தனிப் பாய். அவனுக்கு அப்பாவின் ஷேவிங் செட், அதுவும் திருட்டுத்தனமாக.

களியைக்கூட விழுங்கிவிட்டேன். பேனரைத்தான் விழுங்க முடியவில்லை. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், ஒதியம்பட்டு பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பெரிய பேனர் வைக்கப்போவதாகச் சொன்னார். எங்கள் பக்கம் காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். பெண் பெரியவளானால் சும்மா விடுவார்களா? ஆனால் வில்லியனூர் பள்ளிக்கு நான் தினமும் பஸ் ஏறுவது அந்த ஸ்டாப்பில்தான். என் வகுப்புப் பையன்களும் அங்கேதான் நிற்பார்கள். எனக்கு ரத்தம் வந்த செய்தியைப் படத்தோடு தொங்கவிட்டு, அதற்கடியில் நின்று பஸ் ஏறு என்றால் எப்படி?

"வேணாம் மாமா."

"இன்னாடி வேணாம்? ஊருக்குத் தெரிய வேணாமா?"

"அப்ப அண்ணனுக்கும் வெய்யுங்க. கொரலு ஒடஞ்சிருக்கு, மீச மொளைக்குது. அதுவும் ஊருக்குத் தெரியட்டும்."

அண்ணன் சோற்றுத் தட்டோடு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். மாமா சிரித்தார்.

"ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பேனரு?"

"என் தம்பி ஆசையா செய்யறான், வாய மூடு," என்றாள் அம்மா.

நான் வம்புக்குச் சொல்லவில்லை. தனியாக உட்கார வைத்திருந்த நாட்களில் பொழுது போகாமல் அண்ணனின் அறிவியல் புத்தகத்தைப் படித்திருந்தேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. ஆணோ பெண்ணோ, பருவம் வந்ததும் அது அனுப்புவது ஒரே ஹார்மோன்களைத்தான். அவை எனக்குள் அண்டகத்தை எழுப்பி ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க வைக்கின்றன. அவனுக்குள் விந்தகத்தை எழுப்பி டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கின்றன. என் கருப்பை வேலையைத் தொடங்குகிறது, அவன் குரல்வளை பெரிதாகிறது. ஒரே உத்தரவு, இரண்டு உடம்பு. அதில் ஒரு உடம்பை மட்டும் நடுரோட்டில் மாட்டுவது என்ன நியாயம்? அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பேனர் வந்தே விட்டது. பட்டுப்புடவையில் நான், முகத்துக்கு யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். பின்னால் அருவி, பக்கத்தில் மயில், கீழே கூலிங் கிளாஸ் போட்ட மாமாவின் நண்பர்கள் வரிசையாக. 'பூப்புனித நீராட்டு விழா' என்ற எழுத்து கரும்பு லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓட்டிக்கொண்டே படிக்கும் அளவுக்குப் பெரிது.

விழா முடிந்தும் அது இறங்கவில்லை. "பேனரு எடுத்தப்புறம் ஸ்கூலுக்குப் போயேன்," என்று அம்மா மெல்லச் சொன்னாள். அவளுக்கும் கூச்சம்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டாப்பில் ஓரமாக ஒதுங்க இடம் இருந்தது. ஒதுங்கவில்லை. என் படத்துக்கு நேர் கீழே போய் நின்றேன்.

என் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வந்தான்.

"இன்னா விசேஷம்? எதுக்கு பேனரு?"

தெரிந்துகொண்டே கேட்டான். நான் தலையைக் குனிவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எனக்கு பீரியட்ஸ் வந்துச்சி, அதுக்கு," என்றேன், பஸ்ஸுக்கு நின்ற பெரியவர்களுக்கும் கேட்கும்படி. "உனுக்கும்தான் தொண்ட ஒடஞ்சிருக்கு. உன் பேனரு எங்க?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தடித்த குரலில் ஆரம்பித்த வார்த்தை பாதியில் கீச்சென்று போனது. கூட்டாளிகள் ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்தால் அவர்களுக்கும் அப்படித்தான் வரும்.