பதினோராம் மாடியிலிருந்து கொர்னேலியஸை இறக்கியவள்

தள்ளிவிட்டாள் என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கீழே கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டு, "பிலோமினா புருஷனக் கயித்துல கட்டி எறிஞ்சிட்டா" என்று பேசுவது பெரிய வேலையா? பதினோராவது மாடி அது. எறிந்தால் ஆள் என்ன ஆவார்? கொர்னேலியஸ் இன்றைக்கும் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறார், குழம்பில் உப்பு இல்லை என்று மனைவியோடு சண்டையும் போடுகிறார். எறியப்பட்ட மனிதர் செய்கிற காரியமா இது?

எனக்கு எழுத வராது. சொல்லத்தான் வரும். நான் அவளுடைய எதிர்வீட்டுக்காரி. புகை வந்த அன்று அவள் பக்கத்தில் நின்றது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் யார் பேச்சைக் கேட்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிலோமினா நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அவளுக்கு வாய் அதிகம். லிப்ட் நின்றால் பிளாட் சங்கத்துச் சேர்மன் பரமேஸ்வரன் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க கீழ் மாடில இருக்கீங்க, உங்களுக்கு என்னா தெரியும்?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பாள். அந்த ஆளுக்கு மூஞ்சி சிவந்துவிடும். இந்த பிளாட்டில் அவளுக்கு வேண்டாதவர்கள் உண்டானது இப்படித்தான்.

இங்கே பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்தவள். அப்பா ரயில்வே. கொர்னேலியஸும் ரயில்வேதான், மாதா கோவிலில் வைத்துத்தான் கல்யாணம். பிள்ளை இல்லை. அவள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். சட்டை, பாவாடை தைக்கிற கம்பெனி இல்லை. உயரக் கட்டடத்தில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறார்களே, அவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட் தைக்கிற கம்பெனி. தைத்து முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. என் பேத்தியின் பள்ளிக்கூடப் பையைக்கூட இழுத்துப் பார்த்து, "அக்கா, இது ஒரு மாசம் தாங்காது" என்பாள்.

பிறகு அந்தக் கம்பெனியில், நெருப்புப் பிடித்தால் மாடியிலிருந்து இறங்குகிற சாமானும் செய்தார்கள். ரைஸ் குக்கர் அளவு ஒரு பெட்டி. உள்ளே மெல்லிய இரும்புக் கயிறு சுருண்டிருக்கும். பெட்டியைச் சுவரில் மாட்டி, கயிற்று நுனியிலிருக்கும் கொக்கியை இடுப்புப் பெல்ட்டில் பூட்டிக்கொண்டு வெளியே இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் பிரேக் தானே பிடிக்கும். குண்டு ஆளோ ஒல்லி ஆளோ, ஒரே மெதுவாகத்தான் போவார்கள். தரைக்குப் போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டால் கயிறு தானாக மேலே சுருண்டு வந்துவிடும். அடுத்த ஆள் இறங்கலாம். இதுதான் சங்கதி. இதில் மந்திரமும் இல்லை, தூக்கும் இல்லை.

கொர்னேலியஸுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோனது. பேச்சும் குழறியது. ஒருநாள் அவருக்கு மூச்சு முட்டியபோது லிப்ட் வேலை செய்யவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாடிக்கு மாடி முணுமுணுப்பு. ஆறாவது மாடியில் தங்கமணி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த தடவ கிரேன் கூப்பிடு லா, பிலோ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த மனுஷனுக்குக் கை கால்தான் போனது, காது போகவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியை மூடினார்கள். மற்ற பெண்கள் தையல் மிஷினையும் துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இவள் அந்த இறங்குகிற பெட்டியைக் கேட்டாள், கூட இரண்டு பெல்ட்டும். அதே கம்பெனியில் பெட்டி மாட்டுகிற வேலை பார்த்த விமலன் என்ற பையனை வரவழைத்து, பால்கனிச் சுவரில் துளை போட்டு, முறையாக மாட்டினாள். பால்கனி கிரில்லிலும் ஓர் ஆள் நுழைகிற அளவு வெட்டிச் சின்னக் கதவு வைத்தாள்.

அதுதான் குற்றம். நம் ஆட்களைத் தெரியாதா? வீடு வாங்கினால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கிரில் போடுவார்கள். கிரில்லுக்கு மேல் பூட்டு, பூட்டுக்கு மேல் சங்கிலி. என் வீட்டிலும் அப்படித்தான். பின்பக்கப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். இப்படி இருக்கிற இடத்தில் ஒருத்தி கிரில்லை வெட்டிக் கதவு வைத்தால் விடுவார்களா?

"பதினோராவது மாடிக்குத் திருடனுக்கு இவளே கயிறு போட்டுக் கொடுக்கிறா" என்றாள் தங்கமணி.

பிலோமினா காதில் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் அரிசி மூட்டைக்குப் பெல்ட் கட்டிக் கீழே இறக்கிப் பார்ப்பாள். மூட்டை தரைக்குப் போனதும் இவள் லிப்டில் இறங்கிப் போய்க் கொக்கியைக் கழற்றுவாள். அதற்கும் கதை கட்டினார்கள். கீழே எவனோ நிற்கிறானாம், இவள் சாமான் இறக்கிக் கொடுக்கிறாளாம். அறுபது வயதுப் பொம்பளைக்கு!

மூட்டை ஒரு தடவை தங்கமணியின் துணிக் கம்பில் மாட்டிக்கொண்டது. நம் பிளாட்டில் பால்கனிக்கு வெளியே இரும்புக் கம்பு நீட்டித் துணி காயப்போடுகிறோம் அல்லவா, அதுதான். பிலோமினா ஆறாவது மாடிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"தங்கா, கம்ப கொஞ்சம் உள்ள இழுத்துக்க. அவரு இறங்கும்போது குத்தும்."

"உன் புருஷன் எப்போ இறங்குவாருன்னு நான் துணிய ஈரமாவே வெச்சிருக்கணுமா? எங்க காய வைக்கிறது, உன் தலையிலயா?"

"என் தலையில வை. கம்ப மட்டும் எடு."

கதவு அறைந்து மூடியது. கம்பு அங்கேயே இருந்தது.

புகை வந்தது காலை நேரத்தில். எட்டாவது மாடி மறுகோடி வீட்டில் யாரோ மின்சாரச் சைக்கிள் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, மீன் வாங்கப் பாசாருக்குப் போய்விட்டார்கள். வெடித்த சத்தம் எனக்கே கேட்டது. கதவைத் திறந்தால் எதிரே இருக்கிற பிலோமினாவின் கதவு தெரியவில்லை. அவ்வளவு கறுப்பு. அவள்தான் கையை நீட்டி என்னை இழுத்துத் தன் வீட்டுக்குள் போட்டுக் கதவை மூடினாள்.

"அக்கா, துண்ட நனச்சி கதவுக்குக் கீழ வைங்க. லிப்ட் போச்சு. படியில போக முடியாது. அவர மொதல்ல இறக்குறேன்."

அவரைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினாள். தொடை, இடுப்பு, தோள் என்று ஒவ்வோர் இடமாக இழுத்துப் பார்த்தாள். அவருக்குப் பயம். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் அவர் நெற்றியில் சிலுவை போட்டு, "கண்ண மூடிக்க, கொர்னி. கீழ போயி என்னைத் திட்டு" என்றாள். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் வாய் கோணலாக இருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இருவருமாகச் சேர்ந்து அவரை அந்தச் சின்னக் கதவு வழியாக வெளியே விட்டோம். தள்ளவில்லை. குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி விட்டோம். பெட்டி உர்ர்ரென்று சத்தம் போட்டது. அவர் மெதுவாக, மெதுவாக இறங்கினார்.

ஆறாவது மாடியில் மாட்டிக்கொண்டார். அதே கம்பு. வலது கால் கம்பில் போய்ச் சிக்கியது. தங்கமணியின் சாரோங் பறந்து அவர் தலையை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து யாராவது கையை நீட்டியிருந்தால் எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் தங்கமணி கிரில்லைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்போதே கீழே ஓடிவிட்டாள். மனுஷன் நல்ல கையால் கம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டி, கடைசியில் கம்பே கழன்று சாரோங்கோடு விழுந்தது. கால் சதை கிழிந்துபோனது. பிறகு ஒழுங்காகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிய வீடியோ இந்த இடம்தான். தலையில் சாரோங்கோடு ஓர் ஆள் ரத்தக் காலுடன் தொங்குகிறார், மேலே பிலோமினா எட்டிப் பார்த்துக் கத்துகிறாள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அப்புறம் கேட்கிறார்களே ஒரு கேள்வி: "நெருப்புன்னா இவ ஏன் இறங்கல? புருஷன மட்டும் அனுப்பிட்டு மேல ஏன் உட்கார்ந்தா?" பெரிய வக்கீல்கள்!

கயிறு மேலே வரவில்லை, அதனால் இறங்கவில்லை. கொக்கியைக் கழற்றினால்தான் கயிறு வரும். ஒரு கை மட்டும் வேலை செய்கிற மனுஷன் எப்படிக் கழற்றுவார்? அரிசி மூட்டை இறக்கிப் பழகியபோதெல்லாம் இவளே லிப்டில் போய்க் கழற்றியதால், கீழே ஓர் ஆள் வேண்டும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அது அவள் தப்பு. அதை அவளே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கீழே ஆள் இல்லையா? பாதி பிளாட் அங்கேதான் நின்றது.

"கொக்கியக் கழட்டுங்க! கொக்கி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். பரமேஸ்வரன் ஒரு கையில் போனைப் பிடித்து, மறு கையை விரித்துக்கொண்டு எல்லாரையும் தடுத்தார். போலீஸ் வருகிறவரை ஆளைத் தொடக்கூடாதாம். பிலோமினா அவருக்குப் போன் போட்டாள். அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அதே போன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. அவளும் நானும் பால்கனித் தரையில் படுத்து, ஈரத்துண்டில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தோம். அவள் ஜெபம் சொன்னாள், நான் முருகனைக் கூப்பிட்டேன். நெருப்பு அணைக்கிற பொம்பா ஆட்கள் படியில் ஏறி வந்து கதவை உடைத்துத்தான் எங்களை எடுத்தார்கள்.

நெருப்பு பெரிசாகப் பரவாமல் அடங்கிவிட்டது. அதுவே அவளுக்கு வினையாகப் போனது. "கொஞ்சப் புகைக்கு இவ்ளோ ஆட்டமா" என்றார்கள். போலீஸ் வந்து கொர்னேலியஸைக் கேட்டது. அவர் நிறுத்தி நிறுத்தி நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸுக்குப் புரிந்தது நம் ஆட்களுக்குப் புரியவில்லை.

பிறகு கீழ்மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பிலோமினா கொர்னேலியஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். காலில் கட்டு.

"பெர்மிஷன் வாங்காம சுவத்துல ஓட்ட போட்டது தப்பு. கிரில்ல வெட்டுனது தப்பு. பெட்டிய எடுக்கணும், கிரில்ல வெல்டிங் பண்ணி மூடணும்" என்றார் பரமேஸ்வரன்.

"பெர்மிஷன் வாங்காதது தப்புதான். இப்போ கேக்குறேன், குடுங்க. ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு வெக்கலாம். கீழ நிக்கிற ஆளுக்குக் கொக்கி கழட்டச் சொல்லிக் குடுக்குறேன்."

"எங்களையும் தொங்க விடப் போறியா?" என்றாள் தங்கமணி. "என் கம்பு விழுந்து யார் தலையாவது பொளந்திருந்தா யாரு பொறுப்பு?"

"கம்ப வெளிய நீட்டுனவ பொறுப்பு!" என்றேன் நான்.

"பாட்டி, நீங்க சும்மா இருங்க. வயசுக்கு மரியாத."

"மரியாதைய நீயே வெச்சிக்க. அன்னிக்கிச் சாவிய எங்க வெச்சிருந்த, அதச் சொல்லு."

அப்போது கொர்னேலியஸ் இடது கையைத் தூக்கினார். அவர் பேச நேரமாகும். யாரும் காத்திருக்கவில்லை, பாதிப் பேர் எழுந்துகொண்டிருந்தார்கள். அவர் பரமேஸ்வரனையே பார்த்துக்கொண்டு, "அவ… கூப்ட்டா. போன… நீ… வெட்டுன. நான்… பாத்தேன்" என்றார்.

பரமேஸ்வரன், "பதட்டத்துல யாரு நம்பர்னு யாரு பாக்கிறா, அங்கிள்?" என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையையும் அவர்கள் இருவர் கையையும் தவிர.

வெல்டிங்காரன் வந்தபோது பிலோமினா தடுக்கவில்லை. பெட்டியை அவளே கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி வைத்தாள். அவன் வேலை முடித்ததும் அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்லா பண்ணியிருக்கான், அக்கா. இது வராது" என்றாள். பிறகு, "இனிமே ஏதாவது ஆச்சுன்னா இவரத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றாள். கிள்ளானில் இருக்கும் அண்ணன் மகள் ஜானிஸுக்கு அப்போதே போன் போட்டு, தரை வீடு, வாசலில் படி இல்லாத வீடு பார்க்கச் சொன்னாள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

குற்ற உணர்ச்சியில் ஓடிப்போனாள் என்கிறார்கள். ஓடவில்லை. பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனாள். லோரி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றது. கொர்னேலியஸுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, பெட்டியை அவர் மடியில் வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்கு வந்தாள். நான் துணிப்பையோடு பின்னால். ஆறாவது மாடியில் லிப்ட் நின்றது. தங்கமணியும் இன்னும் இரண்டு பொம்பளைகளும் ஏற வந்தார்கள். இடம் பற்றாது.

"கொஞ்சம் நகரு லா, ஒதுங்கி நின்னா ஏறிக்கலாம்" என்றாள் தங்கமணி.

"இவரு மொதல்ல இறங்கட்டும்" என்றாள் பிலோமினா. "நீங்க அடுத்ததுல வாங்க."

தங்கமணி வாயைத் திறந்தாள். கொர்னேலியஸின் கால்கட்டைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்துகொண்டாள். கதவு மூடியது.

கீழே கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கினார்கள். பிலோமினா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. லோரிக்காரனிடம், நாற்காலியை எப்படிப் பிடிக்க வேண்டும், பெல்ட்டை எங்கே பூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, வாசல் கேட்டைத் தாண்டித் தன் புருஷனைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.