தோள்மேல் இருந்த கை

ஃப்ரேமா செத்த ஐந்தாம் நாள் அவளுடைய அம்மா சர்ப்போமா, போக்குவாவின் தையல் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் துக்கத்துக்கான சிவப்புத் துணி. ரவிக்கை தைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று போக்குவா அளவுநாடாவை எடுத்தாள். அவளோ துணியைப் பிரிக்கவே இல்லை.

"அந்த ஈஸ்டர் படம் உங்கிட்ட இருக்காமே. சாவுச் சுவரொட்டிக்கு அது வேணும்."

நடிகையாய் இருந்தவளுக்குப் படத்துக்கா பஞ்சம்? ஆனால் இருப்பதெல்லாம் பொய்முடி வைத்து, பூச்சுப் பூசி, யாரோ எழுதிக்கொடுத்த பெண்களின் முகம். கடைசி வருஷத்துப் படங்களிலோ சிறுநீரகம் கெட்டு உப்பிய முகம். தன் மகள் தன் மகளாகவே சிரிப்பது அந்த ஒரு படத்தில்தான் என்றாள் சர்ப்போமா. வீட்டில் இருந்த பிரதி எப்போதோ காணாமல் போய்விட்டதாம்.

"அவளேதான் சொன்னா. போக்குவாகிட்ட இருக்கு, கேட்டு வாங்கிக்குங்கன்னு."

இருந்தது. மெஷின் இழுப்பறையில், பிஸ்கட் டப்பாவுக்குள், பழுத்துப்போன ஓர் உறையில். அதைக் கொடுத்தால் பதினான்கு வருஷமாக இந்தத் தெரு அவளுக்கென்று வைத்திருக்கும் நல்ல பேரும் அதோடு போய்விடும். தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் போக்குவாவுக்குப் பதினாறு, ஃப்ரேமாவுக்குப் பதினேழு. ஒரே சந்து, ஒரே சீப்பு. சனிக்கிழமை மாலைகளில் குமாசி நகரம் முழுவதும் டி.வி.யில் பார்த்த 'மணி அடித்தபின்' என்ற பள்ளிக்கூட நாடகத்தில் இருவரும் இணைபிரியாத தோழிகளாக நடித்தார்கள். போக்குவா லிடியா, ஃப்ரேமா வீடா. திரையில் ஒருத்திக்காக ஒருத்தி உயிரைக் கொடுப்பார்கள். திரைக்கு வெளியே, பெயர்ப் பட்டியலில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். காமிரா வலது பக்கம் நின்றால் இருவருக்கும் வலது பக்கம்தான் வேண்டும். "உன் மூக்கு உனக்கு முன்னாடியே வந்து நிக்குதுடீ, நீ கொஞ்சம் பின்னாடி நில்லு" என்பாள் போக்குவா. "நீ அழறதப் பாத்தா வெங்காயம் விக்கறவ மாதிரி இருக்கு, யாருக்குடீ பாவம் வரும்?" என்பாள் ஃப்ரேமா. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டு வீடு திரும்புவார்கள். நான் இல்லாவிட்டால் இந்த நாடகத்துக்குக் கால் இல்லை என்று இருவருமே நம்பினார்கள். போக்குவா அதை வெளியே சொல்லவும் சொன்னாள், அதுவும் டைரக்டர் அட்டாக்கோராவின் காது கேட்க.

அவர் அதற்குக் கோபப்படவில்லை. ஒரு வியாழக்கிழமை இருவரையும் கூப்பிட்டு, நாடகத்துக்கு வரவர ஆள் குறைகிறது, அதனால் உங்களில் ஒருத்தி பஸ் விபத்தில் சாகப்போகிறாள் என்றார். சாவது நாடகத்தில்தான். ஆனால் சுவரொட்டி நிஜமாகவே ஊரெல்லாம் ஒட்டப்படும். சின்ன வயசுச் சாவுக்குப் போடுகிற அதே சிவப்பு எழுத்தில் 'என்ன ஒரு அதிர்ச்சி' என்று மேலே போட்டு, சொந்த உடுப்பில் எடுத்த சொந்தப் படம் வைக்க வேண்டும். பார்க்கிறவன் நடையை நிறுத்த வேண்டும்.

இரண்டு வீட்டிலும் தாய்மார்கள் கையை உதறினார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகத்தைச் சாவுச் சுவரொட்டியில் வைத்தால், மேலே இருக்கிற முன்னோர்கள் வரவேண்டியவள் வந்துவிட்டாள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளமாட்டார்களா? பெண்கள் இருவரும் ஒரே கிண்ணத்துக் கிழங்கு மாவைப் பிசைந்து தின்று சத்தியம் செய்தார்கள்: எவளும் படம் கொடுப்பதில்லை.

அட்டாக்கோரா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைவரை தவணை. "எவ படம் முதல்ல என் மேசைக்கு வருதோ அவ சாவா. யார் கொண்டு வந்தாங்கன்னு நான் கேக்கமாட்டேன். ஒண்ணுமே வரலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க, அக்ராவுலேருந்து புதுசா ரெண்டு பேரு வருவாங்க."

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி விட்டு நகரவில்லை. அன்பு என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் இருவரிடமும் ஆளுக்கொரு பிரதி இருந்தது. ஒரே துணியில் தைத்த கவுன், ஒருத்தி தோளில் ஒருத்தி கை. வியாழக்கிழமை மாலை போக்குவா அம்மாவின் கத்திரிக்கோலை எடுத்து அதை நடுவில் வெட்டினாள். ஃப்ரேமாவின் பாதியை உறையில் போட்டாள். தன் பாதியை அடுப்பில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் போனபோது மேசையில் சுவரொட்டியின் மாதிரி அச்சாகி வந்து கிடந்தது. அதில் அவள் முகம். கழுத்தோரம், தோளின்மேல், மணிக்கட்டோடு அறுபட்ட ஒரு கை. அதில் செம்பு வளையல். அந்த வளையலை ஃப்ரேமாவுக்கு வாங்கிக்கொடுத்ததே போக்குவாதான்.

"நீ என்ன கொண்டு வந்த?" என்றார் அட்டாக்கோரா.

"ஒண்ணுமில்ல, அங்கிள்."

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த உறையின் நுனியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்ல சிநேகிதிங்கதான்" என்று சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

சுவரொட்டியில் லிடியா என்றுதான் போட்டிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு முகம் போதுமே. மாம்பொங் ஊரிலிருந்து அத்தை ஒருத்தி தலையை மழித்துக்கொண்டு சிவப்புத் துணியோடு தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வந்தாள். வாசலில் போக்குவா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் கட்டிக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள்.

அதற்குப் பிறகு எந்த நாடகத்திலும் அவளுக்கு வேஷம் கிடைக்கவில்லை. செத்தவளைத் திரும்பக் கொண்டுவந்தால் ஆகாது என்றார்கள். சந்தையில் மீன்காரி சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைத்தாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் யாரென்று தெரிந்ததும் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிற்று.

மூன்று மாதம் கழித்து ஃப்ரேமா வந்தாள். தெருவே பார்க்க வாசலில் மண்டியிட்டாள். நாடகம் போய்விடும் என்ற பயத்தில் செய்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். அந்த அழுகையில் வெங்காயம் இல்லை. போக்குவா உள்ளே இருந்த டப்பாவை நினைத்தாள். நானும்தான் வெட்டினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சுற்றிலும் ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

"விடு, எந்திரி. நடந்தது நடந்துபோச்சு," என்றாள்.

தெரு அதைப் பெரிய மனசு என்றது. பாதிரியார் அந்த ஞாயிறு பிரசங்கத்திலேயே அவளைப் பற்றிச் சொன்னார். நாடகத்தில் மேலும் நாலு வருஷம் நடித்து அக்ராவுக்குப் போன ஃப்ரேமா, தன் முதல் பெரிய சம்பளத்தில் இந்தத் தையல் மெஷினை வாங்கி அனுப்பினாள். அதில்தான் போக்குவா சோறு தின்றாள், அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றினாள். மிதிக்கும் ஒவ்வொரு நாளும் உறை கீழே இழுப்பறையில் இருந்தது. ஃப்ரேமா நோயோடு ஊர் திரும்பிப் படுக்கையில் விழுந்த பிறகும் வாராவாரம் போய்க் கஞ்சி ஊட்டினாள். அப்போதும் சொல்லவில்லை. நோயாளியிடம் போய் அதைச் சொல்வானேன் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் உறையைப் பிரித்தாள். ஃப்ரேமா சிரித்தாள். அவள் தோளின்மேல் ஒரு கை. விரலில் போக்குவாவின் கையைப் பார்த்த யாருக்கும் தெரிகிற வளைந்த நகம். கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. முகத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் நறுக்கிவிட்டால் கை போய்விடும். சுவரொட்டிக்கு முகம்தானே வேண்டும்? கத்திரியை விரித்து ஓரத்தில் வைத்தும் பார்த்தாள். இன்னொரு தடவை வெட்ட அவளால் முடியவில்லை.

சர்ப்போமா வந்தாள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் மகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.

"உன் கையா?"

"ஆமாம்மா."

"யார் வெட்டினா?"

"நான்தான். அவ வெட்டின அதே வாரம். நான் போய்ச் சேர ஒரு நாள் தாமதமாயிடுச்சு, அவ்வளவுதான்."

திட்டுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். சர்ப்போமா படத்தை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"பாதிதான் இருக்கும், பரவால்ல, அதையே வாங்கிக்குங்கன்னு அவ சொன்னா. எனக்கு அப்பப் புரியல."

ஃப்ரேமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அட்டாக்கோரா சொல்லியிருப்பார். ஆனால் எப்போது? வாசலில் மண்டியிடுவதற்கு முன்பா? தெரிந்தேதான் மண்டியிட்டாளா? தெரிந்தேதான் மெஷினை அனுப்பினாளா, வாராவாரம் கஞ்சிக்கு வாயைத் திறந்துகொண்டு இவள் இன்றைக்காவது சொல்வாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாளா?

"அவளுக்கு எப்பலேருந்தும்மா தெரியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது," என்ற சர்ப்போமா எழுந்து, சிவப்புத் துணியை மெஷின்மேல் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் அகட்டி நின்றாள். "சனிக்கிழமைக்கு வேணும். அளவெடு."