மாமாவின் கம்ப்யூட்டர் பாடம்

என் மாமாவைப்போல் நடிக்க யாராலும் முடியாது என்று ஆறாம் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் ஒரே தம்பி அவர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆடிக் கிருத்திகை முடிந்து திருத்தணியில் காவடிக் கூட்டம் வடிந்த வாரம், லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று பெட்டியோடு வந்து இறங்கினார். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்த அப்பா, மச்சான் வந்த சந்தோஷத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன் என்று தினமும் சாயங்காலம் மாமா என்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனார். தெருவில் எனக்கு ஏக மதிப்பு.

இன்டர்நெட்டில் ஒரு பக்கம். மேலே புரோகிராமைத் தட்டி பட்டனை அழுத்தினால் கீழே விடை வரும். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று மாமா திரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். முறுக்கு அச்சும் முறுக்கும் மாதிரியா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார்.

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுகூட ‘முருகன் துணை’ போடாமல் தொடங்காது. மாமாவும் அதையே ஆங்கில எழுத்தில் முதல் வரியாகத் தட்டினார். கீழே சிவப்பு சிவப்பாகத் தப்பு வந்தது. கிளாஸின் பெயரை மாற்றினார், அடைப்புக்குறியை மாற்றினார். வியர்த்துக் கொட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த காலேஜ் அக்கா எட்டிப் பார்த்து, சாமி பேருக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது என்று சிரித்தாள். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்குத் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் தெரியாதவர்போல் நடிக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமாவுக்குப் பேசியிருந்த கனகம்மாசத்திரத்துப் பெண்ணின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் என்றால் மாமாவுக்கு உயிர். போட்டோவை பர்ஸிலேயே வைத்திருந்தார். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனதும் பெண்ணின் அப்பா, கம்பெனியில் என்ன வேலை என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மாமா காபி தம்ளரைக் கீழே வைத்தார்.

“வேலை போயி நாளாவுதுங்க. அங்கயும் பேரு, விலாசம் தட்டிக்கினு இருந்தவன்தான். புரோகிராம் இப்பதான் கத்துக்கினு இருக்கறேன்.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் கோபப்படவில்லை. கலந்து பேசிச் சொல்லியனுப்புகிறோம் என்று மரியாதையாகவே சொல்லி, தாம்பூலத் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

மாமா கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அதையும் நடிப்பென்றே எண்ணி, அவர் காதருகே குனிந்தேன்.

“சோதிச்சுத்தான பாத்த மாமா? அவங்க ஃபெயிலு.”

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆங், ஃபெயிலுதான்” என்றார்.