மிட்டாய்க்கடை வாசலில் கறந்த பால்

எங்கள் கறுப்பு வெள்ளைப் பசு முதல் கன்றை ஈன்றபோது எங்கள் தீவு ஊரான பாம்பூஃப்ளாட்டில் தெருவே வந்து பார்த்தது. அந்தப் பசுவின் தகப்பன் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த அரசாங்கக் காளை. அதன் தாய், எங்கள் பழைய பசு, செம்பு நிறையக் கறக்கும். மகளான இது வாளி நிறையக் கறந்தது.

அம்மா அந்தப் பாலை வங்காளி மிட்டாய்க் கடைக்கு ஊற்றினாள். கடைக்காரரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்போம். அவர் பாலைத் திரித்து, துணியில் கட்டிப் பிழிந்து, சானா எடுத்து, அதில் ரசகுல்லா செய்வார். புதுப் பசுவின் பால் போன நாளிலிருந்து சானா உருண்டைகள் பாகில் கரைந்துபோயின.

"பஹன், தூத் மே பானி. பால்ல தண்ணி, தங்கச்சி," என்றார் தாதா. அம்மா இல்லையென்றாள். "பானி இல்லன்னா என் ரசகுல்லா ஏன் பாகுல குளிக்கப் போயி திரும்பி வரல?"

பேச்சு படகேறியது. அப்பாவுக்கு அக்கரையில் சாத்தம் மர ஆலையில் வேலை. மாலைப் படகில் யாரோ, "என்ன அண்ணே, கிணத்துத் தண்ணியா, கடல் தண்ணியா?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டார். "நெசத்தச் சொல்லு. கொஞ்சமாச்சும் ஊத்துனியா?"

விடிந்ததும் அம்மா பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு கடைக்கே போனாள். நானும் அப்பாவும் பின்னால் போனோம். "உங்க சட்டி, உங்க கண்ணு. பாத்துக்குங்க தாதா," என்று சொல்லி எல்லோர் முன்னாலும் கறந்தாள். தாதா அங்கேயே காய்ச்சித் திரித்தார். பிழிந்து உருட்டிப் பாகில் போட்டார். உருண்டைகள் உடைந்தன.

தாதா பசுவையே வெகுநேரம் பார்த்தார். "மாஃப் கரோ பஹன், மன்னிச்சிக்கோ. நீ ஊத்தல. இந்தப் பசுதான் உள்ள வச்சி பானி மிலாதா, தண்ணி கலக்குது." இனி அந்தப் பால் டீக்கு மட்டும் என்றார். கடையே சிரித்தது. அப்பாதான் அதிகம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், கணக்கில் கெட்டிக்காரி. பால் கூடினால் சானாவும் கூட வேண்டும். கூடாததற்குப் பசு குடிக்கும் தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டி, தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். அந்தக் காளையின் வம்சத்துக்குப் பால் அதிகம், ஆனால் கட்டியாகித் திரளும் புரதம் அதில் நீர்த்துத்தான் இருக்கும் என்று பிற்பாடு காலேஜில் படித்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் படகு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து அம்மா அந்தப் பசுவின் மடியைத் தொடவில்லை. "நீங்களே கறங்க. நீங்களே ஊத்துங்க. அப்புறம் யாரையும் கேக்க வேண்டியதில்ல," என்று அப்பாவிடம் வாளியை நீட்டினாள். அதை முழங்காலில் இடுக்கத் தெரியாமல், படகுக்கு நேரமாகிறதே என்று தவித்தபடி அப்பா கறந்தார். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து டீ குடித்தாள். அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஜெயித்துவிட்டாள், அதனால் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் புறப்பட்டேன்.