எலி வளை நெல்

நான் பார்வையிடப் போயிருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். எலி வாடை அடித்தது.

"இது எலி பட்ட கழிவு நெல்லுங்கய்யா. மனுசன் சாப்பிட முடியாது. எரிசாராயம் எடுத்துப் பாக்குறோம்" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கஞ்சியில் அடித்த வாடை அது. அறுப்பு முடிந்த வயலில் அம்மா எலி வளையை வெட்டி, உள்ளே இருந்த நெல்லை மடியில் அள்ளுவாள். வேறு அரிசி கிடையாது. ஒருநாள் பண்ணையின் நிலத்தை மேற்பார்க்கும் காரியக்காரன் வந்து நின்றான்.

"கொட்டுடி. நெல்லு பண்ணையோடது. எலி வேணா உன்னுது."

"நிலத்துக்கு உச்சவரம்புன்னு மைக்குல கத்துறாங்க. எலி வளைக்கும் பட்டா பண்ணை பேர்லதானா?" என்றாள் அம்மா.

மடியைப் பிடித்து இழுத்தான். சிந்திய நெல்லைச் சேற்றில் மிதித்துவிட்டுப் போனான்.

அவன் செத்தபோது அம்மா போய் ஒப்பாரி வைத்தாள். நான் போகவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

"மூட்டையைக் கட்டும்மா" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.