தொட்டிலில் வெந்த சோறு

போன பங்குனியில் ஒரு காலை, பாப்பாவுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கேஸ் முடிந்து அடுப்பு அணைந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கேஸுக்குப் போய் யாராவது அழுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்போதே என்னைக் கேட்டுக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை.

என் கணவர் பசறையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். கொழும்பிலிருந்து அவருடைய சிநேகிதர் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இந்த மாசமும் செலவு இப்பிடி இழுத்துச்சுன்னா, சித்திரைக்கு அப்புறம் நான் கொழும்புக்குப் போறேன்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் உண்டு. தீபாவளிக்கு வருவார்கள். பிள்ளைகள் அவர்களைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியும். என் பாப்பாவும் அவரைக் கண்டு ஒளிவாளோ என்று பயந்தேன்.

செலவைக் குறைத்தால் அவர் இருப்பார். உயர்தரம் வரை படித்தவள் நான். வழிகளைப் போனில் தேடி வாசித்தேன்.

முதலில் சீனி. தேத்தண்ணியில் போடாமல், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கலாம் என்றேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மாமியார் கையை நீட்டினார். நக்கினார். மறுபடியும் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. இன்னும் கொஞ்சம் போடு."

அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சீனி வாங்கினோம்.

அடுத்து லைட். வாசல் லைட்டை அணைத்து வைத்தேன். இருட்டில் வந்த என் கணவர் நாயை மிதித்தார். நாய் அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு மலைக்குள் ஓடியது. புதுச் செருப்பு வாங்கினோம்.

ஒரே சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராக்களில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படித்த மருமகளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்பார்களோ என்று பயம். வெள்ளிக்கிழமை பூசையில் நம் மாரியம்மனிடம் மட்டும் சொன்னேன். "ஆத்தா, எனக்கு ஒண்ணும் ஓடல. நீயே ஒருதரம் வீட்டுக்கு வந்து பாரு. அவர் போகக் கூடாது." வீடு திரும்பிய பிறகு, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவதுபோல் அம்மனைக் கூப்பிட்டுவிட்டேனோ என்று வேறு கவலை.

மறுநாள் போனில் படித்த இன்னொரு வழியைச் செய்து பார்த்தேன். சோற்றை அரைவேக்காட்டில் இறக்கி, மூடியை இறுகக் கட்டி, கம்பளியில் சுற்றி வைத்தால் மிச்சத்தை அந்தச் சூடே வேகவைத்துவிடுமாம். தரைக் குளிர் மட்டும் படக் கூடாதாம். லயத்துச் சிமெந்துத் தரை எப்படிச் சில்லிடும் என்று உங்களுக்குத் தெரியும். தரையில் படாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பாப்பாவின் சேலைத் தொட்டில். பானையை அதில் வைத்துவிட்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

அதற்குள் பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்காகக் காலில் சேற்றோடு தேயிலை மலையிலிருந்து இறங்கியிருக்கிறார். வழக்கம்போல் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். தொட்டில் கனமாகத் தொங்கியது. பிள்ளை தூங்குகிறாள் என்று நினைத்து ஆட்டினார். பாட்டும் பாடினார். தொட்டிலிலிருந்து அவருடைய காலில் சொட்டியது. சூடாக.

"அடியாத்தி! புள்ளைக்கு மூத்திரம்கூட கொதிக்குதே!" சேலைக்கு மேல் கை வைத்தார். அனல். "அம்மா போட்டிருக்குடி! எல்லாரும் ஓடியாங்க!"

அம்மை கண்ட பிள்ளையை, வேலை முடித்து வந்த உடம்போடு குளிக்காமல் தொடக் கூடாதல்லவா? அதனால் ஒருவரும் சேலையை விலக்கிப் பார்க்கவில்லை.

நான் குடத்தோடு திரும்பியபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர். லயமே கைகூப்பி நின்றது. மாமியார் தொட்டிலின் முன்னால் விழுந்து கிடந்தார்.

"தாயே, சீனியெல்லாம் நக்கித் தீத்தது நான்தான். புள்ளைய விட்டுரு!"

குடத்தை வாசலிலேயே இறக்கி வைத்தேன். நேற்றுக் கூப்பிட்டேன், இன்றைக்கே வந்துவிட்டாளா?

"யாருக்கு என்னக்கா?"

"ஒம் புள்ளைக்குத்தாண்டி! அம்மா போட்டிருக்கு!"

"புள்ள என் இடுப்புலதானே இருக்கா?"

எல்லோரும் பாப்பாவைப் பார்த்தார்கள். பிறகு தொட்டிலைப் பார்த்தார்கள். செல்லம்மா அக்கா குரலைத் தாழ்த்தி, "அப்ப உள்ளுக்கு இருக்கிறது யாரு?" என்றார்.

"சோறுக்கா."

மூடியைத் திறந்தோம். பூவாக வெந்திருந்தது.

அன்றைக்கு லயம் சிரித்த சிரிப்பு கீழே ரோட்டு வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கொழும்பு, கேஸ், பாப்பா ஒளிந்துகொள்வாளோ என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

செல்லம்மா அக்காவின் கணவரும் கொழும்பில்தான் இருக்கிறார்.

"கோயில் வரைக்கும் போய்ச் சொல்லத் தெரிஞ்ச ஒனக்கு, செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கிட்ட சொல்லத் தெரியலையா?" என்றார் அக்கா.

மறுநாள் கவ்வாத்து வெட்டிய மலைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை விறகுக்குக் கட்டித் தூக்கி வந்தோம். என் கட்டு பாதி வழியில் அவிழ்ந்து உருண்டது. "இதையும் போன்ல பாத்தா கட்டுன?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து சோறு விறகில், அவசரத்துக்கு மட்டும் கேஸ். ஆளாளுக்குப் பஸ் ஏறிப் பொட்டலம் பொட்டலமாக வாங்குவதையும் நிறுத்தினோம். வாரம் ஒருவர் பசறைக்குப் போய் லயத்துக்கே மொத்தமாக அரிசி, பருப்பு, வெங்காயம் வாங்கி வருகிறோம். வெங்காயத்தைப் பங்கு போடுவதில் சண்டை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். என் கம்பளிப் பானை இப்போது எல்லாக் காம்பராவிலும் இருக்கிறது. தொட்டிலில் அல்ல, பழைய கொழுந்துக் கூடையில்.

சித்திரை பிறந்தது. என் கணவர் கொழும்புக்குப் போன் எடுத்தார்.

"நான் வரல மச்சான். இங்கனயே சமாளிச்சிருவோம்."

பாப்பா அவருடைய தோளில் ஏறிப் போனைப் பிடுங்கினாள்.

வந்தது அம்மனா, வெறும் சோற்றுச் சூடா என்று நான் இன்னும் சில நேரம் யோசிப்பதுண்டு. யோசிக்காமல் இருக்க எனக்கு வராது. மாமியாருக்கோ சந்தேகமே கிடையாது. "வேப்பிலை கட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, லயமே கும்பிட்டப்புறம் ஆத்தா வராம எங்க போவா?" என்கிறார். வரும் திருவிழாவுக்கு அதே பானையில்தான் அவளுக்குப் பொங்கல் வைக்கப்போகிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மாதக் கடைசி வரும். வெட்கப்படாமல் ஆத்தாவைக் கூப்பிடுங்கள். கட்டாயம் வருவாள். ஆனால் காலில் மலைச் சேற்றோடு, கேட்காமல் உள்ளே நுழைந்து, உங்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வருவாள். கதவைச் சாத்தி வைக்காதீர்கள்.