குலுங்கிய வட்டம்

எனக்குத் தபால்தலை மேல் ஆசை கிடையாது. அதன் மேல் விழுந்த கறுப்பு வட்டம்தான் வேண்டும். அதிலும், ஓடுகிற ரயிலுக்குள் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தார்களே ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் ஊழியர்கள், அவர்கள் குத்திய முத்திரை. ஒரு ரயில் தடத்துக்குப் பல குழுக்கள் முறை வைத்துப் போவார்கள். குழுவுக்குப் பெயர் செட். செட்டுக்கு ஒரு முத்திரை. எங்கள் புதுக்கோட்டை வழியாக ஓடிய தடத்தில் எல்லா செட்டும் என்னிடம் உண்டு. சும்மா இல்லை!

மூன்றாம் செட் மட்டும் பல வருஷம் போக்குக் காட்டியது. கடைசியில் மணமேல்குடியில் ஒரு பழைய மளிகைக் கடையில், கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களுக்கு நடுவே ஒரு கவரில் சிக்கியது. மங்கல்தான். ஊர் வரும்வரை பஸ்ஸில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

அதை நம்பித்தான் மாவட்டத் தபால்தலைக் கண்காட்சிக்கு முதல் தடவையாகப் பெயர் கொடுத்தேன். கண்காட்சிக்கு முந்தின நாள், பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், மேசை மேல் அந்தக் கவர். முத்திரை கறுகறுவென்று மின்னியது. என் வீட்டுக்காரர் துபாயில் கட்டட வரைபடம் வரைந்தவர். அந்தப் பேனாவை எடுத்து மங்கல் வட்டத்தின் மேலேயே ஓட்டிவிட்டார்!

“வாரவங்களுக்குத் தெரியலை, தெரியலைன்னு பொலம்புவியே. அதான் தெளிவாக்குனேன்.”

“கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? இனிமே இதை எவன் நம்புவான்?”

அழுதேன். அன்றைக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. அவரும் வரவில்லை. கவரை எடுத்துவிட்டால் வரிசையில் ஓட்டை. சொல்லாமல் வைத்தால் பொய். வருவது வரட்டும் என்று அதன் கீழே எழுதினேன்: ‘மேலே இருக்கும் மை என் கணவருடையது. அடியில் இருப்பது ரயிலுடையது.’

மறுநாள் நடுவர் லென்ஸோடு குனிந்தவர் நிமிரவே இல்லை.

“இங்கிட்டு வந்து பாருங்கம்மா,” என்றார். பேனா வட்டம் துளி பிசகாமல் போயிருந்தது. அடியில் பழைய மை ஒரு பக்கம் விலகி, இரட்டையாக, நடுங்கிக் கிடந்தது.

“தரையில நின்னு குத்துனா இப்படி விழாதும்மா. வண்டி குலுங்கியிருக்கு. பேனாக்கோடு சீரா இருக்கப்போயித்தான் இந்தக் குலுக்கல் கண்ணுக்குத் தெரியுது.”

அத்தனை நாள் பார்த்த நானே அதைக் கண்டதில்லை.

பேனா மைக்காக மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இரண்டாம் பரிசுதான். ஆனால் முதல் பரிசு ஃப்ரேம் முன்னால் ஆளில்லை, கூட்டமெல்லாம் என் கவரைச் சுற்றி! நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மேல உள்ள மை நான் போட்டதுங்க. அடியில ஆடுறது ரயிலு. இம்புட்டையும் தேடிச் சேத்தது, அந்தா நிக்கிறாளே, எம் பொண்டாட்டி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த மனுஷன். பரிசுக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்து, சாப்பிட இழுத்துக்கொண்டு போனேன்.